கண்ணுக்கு எட்டாத மூலக்கூறும் கணினித் திரையும்

இரசாயனவியல் கற்போர் எதிர்நோக்கும் முதல் இடர், அதன் கருப்பொருள் கண்ணுக்குப் புலனாகாமையேயாகும். குவளையில் உள்ள நீர் ஒன்று. அதனுள் ஓயாது இயங்கும் மூலக்கூறுகள் வேறொன்று. கரும்பலகையில் எழுதப்படும் குறியீடு பிறிதொன்று. இம்மூன்று நிலைகளையும் மாணவன் ஒருங்கே மனத்திற் கொள்ள வேண்டியிருப்பதே பாடத்தின் கடினத்திற்குக் காரணமென, கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்ஸ் ஜோன்ஸ்ரன் 1991இல் எடுத்துக்காட்டினார்.

இவ்விடைவெளியை நிரப்ப எழுந்த முயற்சிகளுள் ஒன்று, நோபல் பரிசு பெற்ற பௌதிகவியலாளர் கார்ல் வீமன் 2002இல் அமெரிக்காவின் கொலராடோப் பல்கலைக்கழகத்தில் தொடக்கிய 'ஃபெற்' திட்டமாகும். மாணவர் தாமே இயக்கிப் பார்க்கத்தக்க கணினி மாதிரிகளை அது ஆக்கியளிக்கின்றது.

சமன்பாடுகளைச் சமப்படுத்தும் மாதிரியை நோக்குவோம். நைதரசனும் ஐதரசனும் சேர்ந்து அமோனியாவாகும் தாக்கம் திரையில் தோன்றும். மூலக்கூறுகளின் எண்ணிக்கையை மாணவன் கூட்டலாம், குறைக்கலாம். சூத்திரத்தினுள் அமைந்த சிற்றெண்களை மாற்ற இயலாது. தாளில் எழுதும்போது நீரின் சூத்திரத்தை ஐதரசன் பேரொட்சைட்டின் சூத்திரமாக்கியேனும் கணக்கைச் சரிசெய்ய முனைவோர் உளர். இங்கு அவ்வழி அடைபட்டிருக்கின்றது. கண்டிப்பார் எவருமின்றி, அமைப்பே ஆசானாகின்றது.

ஆயின் இவையனைத்தும் கண்ணுடையார்க்கே. பார்வையற்ற மாணவனுக்குத் திரை மற்றுமொரு மூடிய கதவன்றோ? இவ்வினாவை எதிர்கொண்ட வடிவமைப்பாளர், சில மாதிரிகளில் விசைப்பலகையால் இயக்கும் வசதியையும் ஒலிகளையும் வாய்மொழி விவரணத்தையும் சேர்த்தனர். மூலக்கூறுகளும் ஒளியும் பற்றிய மாதிரி அவற்றுள் ஒன்று. செந்நிறக்கீழ்க் கதிரை உறிஞ்சிய காபனீரொட்சைட்டு மூலக்கூறு அதிர்கின்றது. நுண்ணலையை உறிஞ்சிய நீர் மூலக்கூறு சுழல்கின்றது. படத்தில் நொடியிற் கடந்துபோகும் இவ்வசைவுகளைச் சொல்லில் அமைக்க வேண்டுமாயின், எது இன்றியமையாதது, எது வெறும் அலங்காரம் என்பதை முதலில் தெளிதல் வேண்டும். ஒட்சிசனின் சிவப்பு நிறம் வரைபவரின் மரபேயன்றி அணுவின் இயல்பன்று; பிணைப்பு வளைவதோ பாடத்தின் உயிர்நாடி. படத்தைக் காணும் மாணவனும் பெரும்பாலும் தவறவிடுவது இவ்வேறுபாட்டையே.

ஆகவே, பார்வையற்றோர்க்கென எழுதப்படும் விவரணத்தைச் சிலர்க்குச் செய்யும் சலுகையெனக் கருதுதல் பொருந்தாது. மூலக்கூற்றை எவரும் வெறுங்கண்ணாற் கண்டதில்லை. அதன்முன் பார்வையுடையோனும் பார்வையற்றோனும் ஏறத்தாழ ஒரே நிலையினரே. இருவர்க்கும் வேண்டுவது தெளிந்த மனவுருவம். அதனை ஒருவனுக்கு மறுக்கும் மாதிரி, எத்துணை அழகியதாயினும் குறையுடையதே.