ஊவா மலைப்பாதையும் ஒரு பழைய திறந்த காரும்

பெரகலைச் சந்தியிலே கொழும்புப் பெருந்தெருவை விட்டுப் பிரிந்து, அப்புத்தளை, பண்டாரவளை, ஹாலிஎல என்னும் ஊர்களைக் கடந்து பதுளையை அடையும் பாதையைப் போல, பிரயாணியின் கண்ணுக்கு விருந்தும் முதுகுக்கு வேதனையும் ஒருங்கே அளிக்கும் பாதை இலங்கையில் அதிகம் இல்லை. ஒரு பக்கம் தேயிலை படர்ந்த சரிவு. மறுபக்கம் பார்வை எட்டும்வரை விரிந்து கிடக்கும் தென்சமவெளி. பதுளைக்கு அப்பால் பசறை, லுணுகலை, பிபிலை வழியாகச் செங்கலடி நோக்கி இறங்கும் பாதையோ வளைவுக்கு மேல் வளைவாகச் செல்வது. நமுனுகுலை மலை ஒவ்வொரு திருப்பத்திலும் ஒவ்வொரு முகம் காட்டும்.

கோப்பிக் காலத்திலே இப்பகுதியில் பாதைகள் அமைப்பதில் முன்னின்றவர் பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த மேஜர் ரொஜர்ஸ். ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்ற அபகீர்த்தியும் அவருக்கு உண்டு. 1845ஆம் ஆண்டில் அப்புத்தளையில் இடிவிழுந்து அவர் மாண்டார். பதுளையிலுள்ள பரிசுத்த மாற்கு தேவாலயம் அவர் நினைவாக எழுந்ததே. புகையிரதம் பதுளைக்கு வந்து சேர்ந்தது 1924ஆம் ஆண்டில்தான். அதுவரை மாட்டுவண்டியே கதி. மூட்டை ஏற்றிய வண்டிக்கு வில் கிடையாது; பெரிய மனிதர் ஏறிச் செல்லும் வண்டிக்கு மாத்திரம் வில் உண்டு. அதனாலன்றோ அதற்கு 'வில்வண்டி' என்று நம் முன்னோர் பெயரிட்டனர்! மோட்டார் காரின் ஸ்பிரிங்கும் அந்த வில்லின் வம்சமே. இக்கட்டுரை அத்தகைய இரண்டு விற்களைப் பற்றியது.

ஊவாவிலே இன்றும் பழைய கார்கள் ஓடுவதைக் கண்டு வெளியூரார் வியப்பதுண்டு. அதற்குக் காரணம் பழமைப் பற்று மாத்திரமன்று. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. இடையில் 2022ஆம் ஆண்டில் ரூபாயின் மதிப்பு சரிந்தது. மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்துள் 360 ரூபாவை எட்டியது. புதிய காரை நினைப்பதற்கும் அஞ்சிய குடும்பங்கள் கொட்டகையில் நின்ற பழைய காரைத் துடைத்து ஓட்டத் தொடங்கின.

எமக்கு அறிமுகமான ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பசறைப் பக்கத்தில் வசிக்கிறார். தோட்டங்கள் அரசுடைமையான 1975ஆம் ஆண்டில், தாயகம் திரும்பிய வெள்ளைத்துரை ஒருவரிடமிருந்து அவருடைய தந்தையார், அக்காலத்துத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர், வாங்கிய மொறிஸ் மைனர் கார் அவரிடம் இருக்கிறது. சீலைக்கூரையைப் பின்னால் மடித்து வைக்கும் திறந்த கார் அது. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வடிவமைத்து 1948ஆம் ஆண்டில் வெளிவந்த மொறிஸ் மைனர், பத்து லட்சத்துக்கு மேல் விற்பனையான முதலாவது பிரித்தானியக் கார் என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். திறந்த வகையின் உற்பத்தி 1969ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று.

சென்ற ஆண்டு அந்தக் கார் பின்பக்கம் இடதுபுறமாகச் சரியத் தொடங்கியது. பள்ளங்களில் விழும்போது அடித்தட்டு 'டக்' என்று இடித்தது. ஆசிரியரின் மனைவியார் மாதந்தோறும் பதுளை வைத்தியசாலைக்கு அந்தக் காரிலேதான் செல்கிறார்; அவருக்கு முதுகெலும்பில் நோவு. பஸ்ஸில் நின்றுகொண்டு அவ்வளவு தூரம் வர அவரால் இயலாது. கொழும்பிலிருக்கும் மகனோ, "அப்பா, அதை விற்றுவிடுங்கள், எவனாவது ஆசைப்பட்டு வாங்குவான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆசிரியர் தமக்குத் தாமே ஓர் எல்லை வகுத்தார்: ஒரு மாத ஓய்வூதியத்துக்கு மேல் செலவாகுமானால் மகன் சொற்படியே செய்வது.

பதுளை நகரின் காராஜ் ஒன்றுக்கு அவருடன் நாமும் சென்றோம். அங்கிருந்த பாஸ் நாற்பது வயது மதிக்கத்தக்கவர். ஆசிரியரின் பழைய மாணவர். வந்தவுடன் வில்லைக் கழற்றுவார் என்று நாம் எதிர்பார்த்தோம். அவர் கழற்றவில்லை. கதவு இடுக்கிலே விரலை வைத்துக்கொண்டு, காரை ஜாக்கியால் மெல்ல உயர்த்தச் சொன்னார்.

"கூரையில்லாத கார், சேர். வில்லு தொய்ஞ்சிருக்கா, உடம்பே தொய்ஞ்சிருக்கா எண்டு முதல்ல பாக்கணும்" என்றார்.

அவர் கூறியது பெரிதும் உண்மை. மூடிய காரில் கூரையும் தூண்களும் சேர்ந்து உடலைப் பெட்டிபோல் இறுக்கிப் பிடிக்கின்றன. திறந்த காரிலே அந்த வேலை முழுவதும் கதவுக்குக் கீழுள்ள உட்குழிவான விளிம்புச் சட்டத்தின் மீதும் தரைத்தகட்டின் மீதும் விழுகிறது. ஊவாவின் மழையும் தோட்டத்துச் சேறும் அங்கே புகுந்து துருவேற்றினால், ஜாக்கியில் ஏற்றும்போது கதவு இடுக்கு அகலும் அல்லது நெருங்கும். அப்படியாயின் எத்தனை புதிய வில் போட்டும் பயனில்லை. முதற்பணம் தகடு ஒட்டுபவருக்கே. ஆசிரியரின் காரில் இடுக்கு அசையவில்லை. இடது தரைத்தகட்டிலே மாத்திரம் உள்ளங்கை அகலத்துக்குத் துரு. (மொறிஸ் மைனருக்கான தகட்டுப் பாகங்கள் தென்னிலங்கையில் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி.)

அடுத்து, சமதளத்தில் நிறுத்தி, நான்கு சில்லுகளின் நடுவிலிருந்தும் மட்கார்ட் விளிம்புவரை அளந்தார்கள். முன்பக்கம் இரண்டும் ஒரே அளவாகச் சற்றே தாழ்ந்திருந்தன. பின்பக்கத்தில் இடது, வலதைவிட ஒன்றேகால் அங்குலம் தாழ்வு.

மொறிஸ் மைனரின் முன்பக்கத்தில் தட்டுவில்லும் இல்லை, சுருள்வில்லும் இல்லை. நீண்ட உருக்குத் தண்டு ஒன்று முறுக்கேறி வில்லாக வேலை செய்கிறது. அது தொய்ந்தால் புதிது வாங்கவேண்டும் என்பது அவசரக்காரர் எண்ணம். பின்முனையில் அதைப் பிடித்திருக்கும் நெம்புகோலை விலக்கிப் பொருத்தினாலே உயரம் மீளும். கூலியைத் தவிர வேறு செலவில்லை. ஆயினும் முறுக்கேறிய தண்டில் அடங்கியிருக்கும் விசை பொல்லாதது. முறைப்படி பாரம் இறக்காமல் கழற்றுவது கைகாலுக்கு ஆபத்து. இது வீட்டு முற்றத்தில் மாணவர் பழகிப்பார்க்கும் வேலையன்று. ஓடித் தேய்ந்த தண்டுகளை இடம் வலம் மாற்றிப் போடுவதும் ஆகாது. ஒவ்வொன்றும் தன் பக்கத்து முறுக்குக்கே பழகியிருக்கும்.

பின்பக்கத்தில்தான் செலவு காத்திருந்தது. இடது தட்டுவில்லின் தாய்த்தட்டு நடு ஆணிக்கருகே வெடித்திருந்தது. எந்த வில்லைப் போடுவது என்பதிலே காராஜில் நின்ற ஐந்து பேருக்கும் ஐந்து அபிப்பிராயம். லொறித் தட்டு ஒன்றை வெட்டிச் சேர்த்தால் ஆயுளுக்கும் தொய்யாது என்றார் தோட்டத்து லொறிச் சாரதி. மலைநாட்டில் பலரும் செய்வது இதுவே. எமது அபிப்பிராயத்தில் இதைவிடக் கெடுதல் வேறில்லை. தட்டின் தடிப்பு சிறிது கூடினால் அதன் விறைப்பு மும்மடிப் பெருக்கத்தில் கூடும். 6 மில்லிமீற்றர்த் தட்டுக்குப் பதிலாக 7 மில்லிமீற்றர்த் தட்டு வைத்தால், ஒரு மில்லிமீற்றர்தானே என்று தோன்றும். 7இன் மும்மடி 343. 6இன் மும்மடி 216. ஆகவே அத்தட்டின் விறைப்பு ஏறக்குறைய 1.6 மடங்காகிறது. விறைத்த வில் அடியைத் தான் வாங்காமல் உடலுக்கு அனுப்பும். கூரையற்ற உடல் அதிரும். கண்ணாடிச் சட்டம் ஆடும். பின்னாசனத்து நோயாளி ஒவ்வொரு பள்ளத்தையும் எண்ணிக்கொண்டு வருவார். இறக்க வளைவிலோ பின்சில்லு துள்ளித் தரைப்பிடி இழக்கும். வான் வகைக்கென்று செய்த கனத்த வில்லுக்கும் இதே குறைதான்.

இங்கிலாந்திலிருந்து புதிய சோடி வரவழைப்பது நல்லது. கப்பற்கூலியும் தீர்வையும் சேர்ந்தால் ஆசிரியரின் எல்லையை அது தாண்டிவிடும். கொழும்புப் பஞ்சிகாவத்தையில் கழித்த வில் கிடைக்கும். வாங்குவோர் ஒரே காரில் ஓடிய சோடியைக் கேட்கவேண்டும். இரண்டின் கண்களையும் சேர்த்து முகத்துக்கு முகம் வைத்து நடுவில் அழுத்தினால், தளர்ந்த வில் முதலில் வளைந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். துரு அரித்துக் குழி விழுந்த தட்டு வேண்டவே வேண்டாம்; வெடிப்பு அந்தக் குழியிலிருந்தே பிறக்கும்.

பாஸ் சொன்ன வழி வேறு. இரு பக்கத்துக்கும் தாய்த்தட்டு மாத்திரம் புதிதாக அடிப்பது. மற்றத் தட்டுகளைப் பழைய வளைவுக்குக் கொண்டுவந்து மீண்டும் பதமிடுவது.

"ஒரு பக்கத்துக்குப் போதாதா?" என்று ஆசிரியர் கேட்டார்.

"போதும் சேர், கார் ஒரு பக்கமா ஓடுறதெண்டா" என்று பதில் வந்தது.

வில் அடிப்பவரின் பட்டறை அருகிலேயே இருந்தது. தட்டைச் செந்நிறமாகக் காய்ச்சி வளைத்து, எண்ணெயில் தோய்த்து, பின்னர் குறைந்த சூட்டில் மீண்டும் வைத்தெடுத்தார். முதற் சூடு ஏறத்தாழ 850 முதல் 900 பாகை செல்சியஸ். இரண்டாவது அதில் பாதியளவு. முதலாவதோடு நிறுத்தினால் தட்டு கண்ணாடிபோல் நொறுங்கும். காய்ச்சிக் காற்றில் ஆறவிட்டாலோ வெறும் இரும்பாகிச் சில மாதங்களில் தொய்யும். குளிர்ந்த தட்டைச் சுத்தியலால் தட்டி வளைவேற்றி அனுப்புவோரும் உண்டு. மலிவுதான், அந்த வளைவு நெடுநாள் நில்லாது. ஆகவே எண்ணெய்த் தொட்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பட்டறையை நம்பவேண்டும்.

பூட்டும்போது றப்பர்ப் புஷ்களும் யூ-போல்ட்டுகளும் புதியவை. கார் தன் பாரத்தோடு சில்லில் நின்ற பிறகே கண் ஆணிகளை இறுக்கினார்கள். தூக்கிய நிலையில் இறுக்கினால் றப்பர் முறுகிக் கிழிந்துவிடுமாம். அதிர்வு தாங்கிகளுக்கு எண்ணெய் நிரப்பினார்கள். முன்சில்லின் கீழ்மூட்டைக் கழற்றிப் பார்த்துக் கிறீஸ் ஏற்றினார்கள். மைனர் காரின் பேர்போன பலவீனம் அந்த மூட்டுத்தான். அது தேய்ந்து கழன்றால் சில்லே மடிந்துபோகும். வில்லுக்குப் பணமில்லாவிட்டாலும் கிறீசுக்குப் பணம் வேண்டும்.

மறுவாரம் அக்காரிலே ஸ்பிரிங்வெலித் தோட்டப் பக்கம் சென்றோம். பெயரிலுள்ள ஸ்பிரிங் வில்லைக் குறிப்பதன்று. கொழுந்துக் கூடையோடு பாதையோரம் நின்ற பெண்கள், கூரை மடித்த காரைக் கண்டு கையசைத்தார்கள். அம்மையார் முதுகுக்கு வைத்திருந்த தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். 500 மைல் ஓடியபின் பாஸ் யூ-போல்ட்டுகளை மறுபடி இறுக்கி அளந்தபோது, பின்பக்கம் இருபுறமும் ஒரே சீராகக் கால் அங்குலம் அமர்ந்திருந்தது. புது வில் அவ்வளவு அமரும் என்று அவர் முன்னரே சொல்லியிருந்தார்.

ஓய்வூதியத்தில் ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சியது. அதில் தரைத்தகட்டின் துருவை வெட்டி ஒட்டினார்கள். சீலைக்கூரையின் கிழிசலை அம்மையார் தாமே தைத்துக்கொண்டிருக்கிறார். ஐப்பசி மழைக்கு முன் முடிக்கவேண்டும் என்பது ஆசிரியரின் அவசரம்.