வீட்டோடு கிளம்பினோம், எந்த அடுப்போடு?

மோட்டார்ஹோம் வாடகைக்கு எடுத்துச் சுற்றப் போகிறோம் என்று வானொலி நிலையத்தில் சொன்னதும் ஆண்கள் கேட்டது, "எத்தனை பேர் படுக்கலாம்? டீசலா, பெட்ரோலா?" பெண்கள் கேட்டது, "சமையலுக்கு என்ன பண்ணுவீங்க?" முதல் கேள்விக்கு வண்டிக்காரரே பதில் வைத்திருந்தார். இரண்டாவது கேள்விக்குப் பதில் தேட எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

வண்டிக்குள் சின்னதாக ஓர் அடுப்பு இருக்கத்தான் செய்தது. கூடவே ஒரு நிபந்தனையும் இருந்தது. சுடுநீர் வைக்கலாம், மேகி செய்யலாம், பொரிக்கவோ தாளிக்கவோ கூடாது. மெத்தையிலும் திரைச்சீலையிலும் மசாலா வாடை ஏறினால் அடுத்து வருபவர்கள் முகம் சுளிப்பார்கள் என்றார் உரிமையாளர். நியாயமான பேச்சுதான். ஆனால் தாளிக்காமல் எங்கள் வீட்டில் எந்தச் சமையல் முடிந்திருக்கிறது? வெளியே வைத்துச் சமைக்க ஓர் அடுப்பு வேண்டும் என்பது அங்கேயே முடிவாகிவிட்டது.

அதைவிடப் பெரிய காரணம் அம்மா.

அம்மாவுக்கு வயது அறுபத்திரண்டு. இனிப்பு நீர் இருப்பதால் மாத்திரை போட்டுக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். அப்பா தவறிய பிறகு அசைவத்தையும் விட்டுவிட்டார். மூன்று வருடமாக எங்கே கூப்பிட்டாலும் ஒரே பதில்தான்: "நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பார்த்துக்கிறேன்." காவல் தேவைப்படும் அளவுக்கு எங்கள் வீட்டில் ஒன்றுமில்லை. போகிற ஊரில் நேரத்துக்குத் தனக்கு ஏற்ற சாப்பாடு கிடைக்குமா, தன்னால் எல்லாருக்கும் தொந்தரவு வருமா என்ற கவலையைத்தான் அவர் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தார். கேமரன் மலையிலாவது இட்லி, தோசை கிடைக்கும். கிழக்குக் கரையில் சைவக் கடையைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

ஆகவே சரியான அடுப்பு அமைந்தால் அம்மாவும் வருவார். அமையாவிட்டால் நான், கணவர், மகள், தம்பி என்று நான்கு பேர் மட்டும் போவோம்.

எத்தனையோ விதமான அடுப்புகள் விற்கிறார்கள் என்பது தேடும்போதுதான் தெரிகிறது. தம்பிக்குக் கரி அடுப்பு மேல் ஆசை. நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து சோளம் சுடுவது அழகுதான். ஆனால் கரி தயாராகவே அரை மணி நேரம் ஆகும். காலையில் மாத்திரை போட்ட ஒருவரை அவ்வளவு நேரம் காக்க வைக்க முடியாது. சமைத்து முடிந்த பிறகும் கரி மணிக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. அணைந்துவிட்டது என்று நினைத்து அந்த அடுப்பை வண்டிக்குள் எடுத்து வைத்துவிட்டுத் தூங்கினால் எழுந்திருக்காமலே போகலாம். ஆசையை அடுத்த முறைக்குத் தள்ளி வைத்தோம்.

கணவர் இண்டக்‌ஷன் அடுப்பு என்றார். நெருப்பே இல்லை, மகள் பக்கத்தில் வந்தாலும் பயமில்லை. ஆனால் கணக்குப் போட்டதும் அவரே பின்வாங்கினார். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் இருப்பது 1,200 வாட்-மணி மின்சாரம். 2,000 வாட் அடுப்பை முழு வேகத்தில் வைத்தால், காகிதக் கணக்கிலேயே 36 நிமிடத்தில் பேட்டரி காலி. அப்புறம் விளக்கும் இல்லை, மின்விசிறியும் இல்லை. மின் இணைப்பு உள்ள முகாம் இடத்தில் மட்டும்தான் அது சரிப்படும்.

பெரிய கேஸ் தோம்பு, ரெகுலேட்டர், ரப்பர் குழாய், இரட்டை அடுப்பு என்பது மூன்றாவது வழி. கிலோ கணக்கில் பார்த்தால் சின்ன டின்னில் வரும் கேஸைவிட இது பல மடங்கு மலிவு. மாதக்கணக்கில் சுற்றுபவர்களுக்கு ஏற்றது. நான்கு இரவுப் பயணத்துக்குத் தோம்பைக் கட்டி வைக்க இடமும் இல்லை, அந்தப் பாரத்தை ஏற்றி இறக்க ஆளும் இல்லை.

மிஞ்சியது நம் எல்லாருக்கும் தெரிந்த ஸ்டீம்போட் அடுப்பு. பக்கவாட்டில் கேஸ் டின்னைச் செருகி, திருகினால் பற்றிக்கொள்ளும் அதே அடுப்புதான். வெளிநாட்டுப் பயணக் காணொளிகளில் இதைக் குறை சொல்வார்கள். அந்த டின்னில் இருக்கும் பியூட்டேன் சுழியம் டிகிரியை நெருங்கினால் ஆவியாகாது, குளிரில் அடுப்பு சோர்ந்துவிடும் என்பார்கள். அவர்கள் ஊருக்கு அது உண்மை. நமக்கு கேமரன் மலையின் நள்ளிரவுகூட அந்தக் குளிரை எட்டாது.

அடுப்பு முடிவானது என்று நினைத்தேன். அம்மா தலையை ஆட்டினார். "அந்தக் குண்டு வச்ச அடுப்பா? எனக்கு வேணாம்."

அம்மா வளர்ந்தது எஸ்டேட்டில். லயத்து வீட்டில் விறகடுப்பு, பிறகு மண்ணெண்ணெய் அடுப்பு. பக்கத்து வீட்டில் காற்றடிக்கும் அடுப்பு ஒருநாள் வெடித்ததையும் அந்த அக்காவின் கையையும் அவர் இன்னும் மறக்கவில்லை. 'அதெல்லாம் பழைய காலம்மா' என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் அவர் பயந்தது வெறும் கற்பனைக்கு இல்லை. இந்தச் சின்ன டின்னும் சூடேறினால் வெடிக்கும். அதனால் கடைக்கு அவரையே கூட்டிப்போனேன். அவர் ஒரு துணிப்பையில் தன் தோசைக்கல்லை எடுத்துக்கொண்டு வந்தார்.

சீனர் ஒருவரின் பாத்திரக் கடை அது. முதலாளி அங்கிள் நான்கு அடுப்புகளை மேசைமேல் எடுத்து வைத்தார். அம்மா பையிலிருந்து கல்லை எடுத்து முதல் அடுப்பின் மேல் வைத்தார். அது பர்னரைத் தாண்டி, டின் இருக்கும் அறையின் மேலும் பாதியை மூடியது. அங்கிள் உடனே கையை ஆட்டினார். "ஆண்ட்டி, திஸ் ஒன் கெனாட்!"

நான் படித்ததிலும் முதலில் இருந்த எச்சரிக்கை இதுதான். அகலமான பாத்திரம் டின் அறையை மூடினால் கல்லின் சூடு கீழே திரும்பி டின்னைச் சுடும். உள்ளே அழுத்தம் ஏறும். விபத்துக்கு அதுவே போதும். இரண்டு அடுப்பை ஒட்டி வைத்து அவற்றின் மேல் ஒரு பெரிய தட்டை வைப்பதும், காற்றைத் தடுக்க அலுமினியத் தாளைச் சுற்றுவதும் அதே ஆபத்துதான்.

அம்மா அங்கிளிடம் தன் மலாயில் கேட்ட கேள்விகளைக் கேட்டு நான் அசந்துபோனேன். டின் சூடானால் என்ன ஆகும்? அழுத்தம் ஏறினால் டின்னைத் தானாகவே கழற்றிவிட்டு நெருப்பை அணைக்கும் பாதுகாப்பு அமைப்பு உள்ள அடுப்பை அங்கிள் காட்டினார். சிரிம் முத்திரை எங்கே? திருப்பிக் காட்டினார். எத்தனை பெரிய சட்டி வைக்கலாம்? கையேட்டில் 24 சென்டிமீட்டர் என்று இருந்தது. அம்மா தன் கல்லைப் பைக்குள் வைத்துவிட்டு, அதே கடையில் சின்னதாக ஒரு தோசைக்கல் வாங்கினார். "ஒரு நேரத்துல ஒரு சின்ன தோசை. பொறுமையா சாப்பிடுங்க."

அவர் வருகிறார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

எத்தனை டின் வேண்டும் என்பதும் கணக்குத்தான். 250 கிராம் டின் ஒன்று, முழு நெருப்பில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் எரியும். காலையில் தோசையும் தேநீரும், மதியம் ஒரு குழம்பு, இரவில் ஒரு பொரியல் என்று வைத்தாலும் நாளுக்கு ஒரு டின் போதும். நான்கு நாளுக்கு நான்கு, கைவசம் ஒன்று. சோறு வடிப்பதை அடுப்பின் தலையில் கட்டவில்லை. மின் இணைப்புள்ள முகாம் இடங்களாகப் பார்த்துப் பதிந்து, வீட்டு ரைஸ் குக்கரை எடுத்துக்கொண்டோம். சின்ன பிரஷர் குக்கரையும் மறக்கவில்லை. தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த சட்டியில் துவரம்பருப்பு வேகட்டும் என்று காத்திருந்தால் கேஸும் தீரும், பசியும் தீராது.

பயணத்தில் வெறும் டின்களைப் பற்றி ஒரு வார்த்தை. 50 டிகிரிக்கு மேல் சூடு படக் கூடாது என்று டின்னிலேயே எழுதியிருக்கும். வெயிலில் நிறுத்திய வண்டியின் முன்பலகை அதைச் சுலபமாகத் தாண்டும். எங்கள் டின்கள் வெளிப்பக்கப் பெட்டியில், நிழலில், நிமிர்ந்தபடி பயணம் செய்தன. ஓடும் வண்டியில் அடுப்புக்குள் டின் இருக்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். ஆர் அண்ட் ஆரில் நிறுத்தியபோது ஒரு காப்பி போட்டால் என்ன என்று தம்பி கேட்டான். பக்கத்தில் எண்ணெய் நிலையம் இருப்பதைக் காட்டி, கடையிலேயே வாங்கிக் குடிக்கச் சொன்னார்.

இரண்டாம் நாள் மாலை மலையில் மழை பிடித்துக்கொண்டது. கத்தரிக்காய் நறுக்கியாயிற்று, மகள் பசி என்கிறாள், மணி ஏழாகிறது. வண்டியின் துணிப்பந்தல் தலைக்கு மேல் படபடக்கிறது. தம்பி அடுப்பைத் தூக்கினான். "பத்து நிமிஷம்தானே, உள்ளே வச்சு முடிச்சிடலாம். ஜன்னலைத் திறந்து வைப்போம்."

யோசித்துப் பார்த்தால் எல்லாரும் இந்த இடத்தில்தான் தடுமாறுவார்கள் என்று தோன்றுகிறது. பசியும் மழையும் சேர்ந்தால் எந்த எச்சரிக்கையும் பெரிதாகத் தெரியாது. கேஸ் கசிந்தால் அது காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு படியும். ஜன்னல் திறந்திருப்பதால் மட்டும் அது வெளியேறிவிடாது. சின்ன அறையில் எரியும் நெருப்புக்குக் காற்றும் போதாது. வாசலை ஒட்டி வைத்தாலும், துணிப்பந்தலின் அடியில் வைத்தாலும் கதை அதுதான். வண்டியிலிருந்து பத்தடி தள்ளி என்று நாங்களே ஒரு கோடு வைத்திருந்தோம்.

அம்மா குரலை உயர்த்தவில்லை. "வேணாம்ப்பா. சோறு இருக்கு, தயிர் இருக்கு, காலையில வேகவச்ச கொண்டைக்கடலை இருக்கு. வாங்க சாப்பிடுவோம்." ஏழரைக்குள் அவர் மாத்திரையும் போட்டுவிட்டார். தம்பி அடுப்பைத் துடைத்துப் பெட்டியில் வைத்தான். கத்தரிக்காய் மறுநாள் காலை உப்புமாவுக்குத் துணையாக வந்தது.

மலையிலிருந்து இறங்கி அடுத்த இரண்டு இரவு செராத்திங். நவம்பர் முதல் மார்ச் வரை கிழக்குக் கரையில் பருவமழை என்பதால் அந்த மாதங்களைத் தவிர்த்துத்தான் கிளம்பியிருந்தோம். இங்கே மழை இல்லை, கடற்காற்று இருந்தது. நெருப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து, சட்டியை விட்டுவிட்டுக் காற்றைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. டின் இருக்கும் பக்கத்தைத் திறந்தே விட்டு, காற்று வரும் பக்கத்தில் மட்டும் மடக்குத் தகடு ஒன்றைத் தள்ளி நிறுத்தினோம். குழம்பு கொதித்தது.

அங்கேதான் நான் ஒன்றைக் கவனித்தேன். வீட்டில் அடுப்படி சுவரைப் பார்த்து இருக்கிறது. சமைப்பவர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார், மற்றவர்கள் வரவேற்பறையில் இருப்பார்கள். வெளியில் வைத்த அடுப்புக்கு முதுகும் இல்லை, முன்பக்கமும் இல்லை. கணவர் மாவு ஊற்றினார், தம்பி திருப்பினான், மகள் தட்டை நீட்டினாள். அம்மா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து கடலைப் பார்த்தபடி, "மாப்பிள்ளை, நெருப்பைக் குறைங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் உட்கார்ந்து சாப்பிட, சுடச்சுடத் தோசை வந்துகொண்டே இருந்ததை என் வாழ்நாளில் எத்தனை முறை பார்த்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். ஒரு கை விரல்கள் போதும்.

விமானம் ஏறிப் போய் வெளிநாட்டில் மோட்டார்ஹோம் எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: கேஸ் டின்னைப் பெட்டியிலும் வைக்க முடியாது, கையிலும் கொண்டுபோக முடியாது. இறங்கிய ஊரில்தான் வாங்க வேண்டும். அந்த ஊர்க் குளிருக்கு ஏற்ற கேஸா என்று கேட்டு வாங்குங்கள்.

நம் நாட்டுக்குள் சுற்றப் போகிறீர்களா? அடுப்பு வாங்கக் கடைக்குப் போகும்போது, நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் தோசைக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். விலையைப் பார்ப்பதற்கு முன் பாதுகாப்பு அமைப்பையும் சிரிம் முத்திரையையும் பாருங்கள். உங்கள் வீட்டிலும் "நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்பவர் ஒருவர் இருந்தால், அவரைக் கட்டாயம் கடைக்குக் கூட்டிப்போங்கள். அவர் எதற்குப் பயப்படுகிறார், எதைச் சாப்பிட முடியும், எத்தனை மணிக்குச் சாப்பிட வேண்டும் என்று கேட்டு, அதற்கு ஏற்ற அடுப்பை அவர் கையாலேயே எடுக்க விடுங்கள்.