வானத்தை மாற்றினால் பொழுது மாறும்

போட்டோஷாப் மென்பொருளில் 2020 அக்டோபரில் ஒரு புதிய வசதி சேர்ந்தது. படத்தில் எது வானம் என்று கணினியே கண்டுபிடிக்கும். அதை எடுத்துவிட்டு, நீங்கள் காட்டும் வேறொரு வானத்தை அங்கே வைக்கும். அதோடு விடாது, கீழே இருக்கும் மண், மரம், மனிதர்கள் எல்லோர் மேலும் விழும் வெளிச்சத்தைப் புது வானத்துக்குப் பொருத்தமாகத் திருத்தியும் கொடுக்கும். முன்பு கைதேர்ந்தவர்கள் பல மணி நேரம் உட்கார்ந்து செய்த வேலை இது. இப்போது டீ ஆறுவதற்குள் முடிந்துவிடுகிறது.

திருவனந்தபுரத்தில் இந்த வசதிக்கு ஏக மவுசு. காரணம் எளிது. ஜூன் பிறந்தால் தென்மேற்குப் பருவமழை. அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் இடியும் மின்னலுமாகத் துலாவர்ஷம். அடுக்குமாடி விற்பவருக்கும் ஓட்டல் நடத்துபவருக்கும் வருஷம் முழுக்க நீல வானம் வேண்டும். இயற்கை கொடுக்காததைக் கணினி கொடுக்கிறது.

ஆனாலும் இந்த ஊரில் கணினிக்கு ஒரு சோதனை உண்டு: தென்னை. கீற்றுக்குக் கீற்று இடையில் துண்டு துண்டாக எட்டிப் பார்க்கும் வானத்தை முழுதாகப் பிடிப்பது சுலபமல்ல. உற்றுப் பார்த்தால் ஓலை நுனிகளில் பழைய வானத்தின் வெளுப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். நிழலும் காட்டிக்கொடுக்கும்: மேலே சுள்ளென்று வெயில்; கீழே நிற்கும் ஆளுக்கு நிழலே இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சுற்றுலாக் கையேட்டைத் தமிழாக்கும் வேலை என்னிடம் வந்தது. அதில் ஒரு கோவளம் படம். கலங்கரை விளக்கத்தின் சிவப்பு வெள்ளைப் பட்டைகள், கரையேற்றிய படகுகள், பின்னால் ஈய நிறத்தில் வானம். 'மழைக்கு முன் கோவளம்' என்று படக்குறிப்பு எழுதிக் கொடுத்தேன். மெய்ப்பு வந்தபோது குறிப்பு இருந்தது. அந்த வானம் இல்லை. பளிச்சென்ற நீலம், நடுவில் இரண்டு பஞ்சு மேகம். கேட்டேன். "ஒரு வரிதானே சாரே, அதை மாத்திட்டாப் போச்சு" என்றார் வடிவமைப்பாளர், மலையாளத்தில். படத்துக்கேற்ப எழுத்து வளைய வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. நானும் வளையவில்லை. கடைசியில் குறிப்பே இல்லாமல் படம் அச்சானது.

வானத்தை மாற்றுவது கணினி கண்டுபிடித்த குறும்பு அல்ல. 19ஆம் நூற்றாண்டின் புகைப்படத் தகடுகள் நீல ஒளியை மிகையாக உள்வாங்கும். கடல் தெளிவாக விழும் அளவுக்கு ஒளி காட்டினால் வானம் வெளுத்துப்போய் வெற்றுத்தாள் ஆகிவிடும். பிரான்சைச் சேர்ந்த குஸ்தாவ் லெ கிரே, 1850களில் கடலுக்கு ஒரு நெகடிவ், வானத்துக்கு ஒரு நெகடிவ் எடுத்து இரண்டையும் ஒரே படமாக அச்சிட்டார். ஒரே மேகக்கூட்டம் அவருடைய வெவ்வேறு கடல்களின் மேல் மிதந்தது. கண் பார்த்ததைத் தகடு காட்டவில்லை என்பதால் அவர் அப்படிச் செய்தார். இன்றோ கேமரா சரியாகக் காட்டுகிறது. காட்டியது நமக்குப் பிடிக்கவில்லை.

தமிழ் படித்தவர்களுக்கு இதில் ஒரு சங்கடம் கூடுதல். தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்கிறது. முல்லை என்றால் காடு மட்டுமல்ல, கார்காலமும் மாலையும். நெய்தல் என்றால் கடற்கரையோடு எற்பாடும் உண்டு. புகைப்படத்தில் மண் நிலத்தைச் சொல்கிறது. பொழுதைச் சொல்வது வானம். அதை மாற்றினால் முதற்பொருளில் பாதி போயிற்று. நாம் ஏடுகளில் விட்டுவைத்த 'கார்' மலையாளிகளின் அன்றாடப் பேச்சில் 'மழக்காறு' என்று இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்தச் சொல் வாழும் ஊரிலேயே அந்த மேகத்தை அழிக்கிறோம்.

அழகுக்காகச் செய்கிறார்கள், போகட்டும் என்று விடலாம். செய்திப் படத்தில் விட முடியாது. 2006 ஆகஸ்டில், இஸ்ரேல் குண்டுவீச்சுக்குப் பின் பெய்ரூட் வானத்தில் எழுந்த புகையைச் சுயேச்சைப் புகைப்படக்காரர் ஒருவர் கணினியில் பெருக்கிக் கருமையாக்கி ராய்ட்டர்ஸுக்கு அனுப்பினார். இன்னொரு படத்திலும் அவர் கை வைத்தது தெரிந்தது. ராய்ட்டர்ஸ் அவருடன் உறவை முறித்துக்கொண்டு, அவர் கொடுத்திருந்த 920 படங்களையும் விலக்கியது. குண்டு விழுந்தது உண்மை. புகை எழுந்ததும் உண்மை. கூட்டிச் சொன்னதால், உள்ளதையும் நம்ப ஆளில்லாமல் போனது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் இந்தக் கரையோரக் கடலைக் கலக்கியது. பூந்துறை, விழிஞ்ஞம், குமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை என்று ஊர் ஊராக, கடலுக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. எச்சரிக்கை எப்போது வந்தது, கரை திரும்ப அவகாசம் இருந்ததா என்று மீனவர்களுக்கும் அரசுக்கும் இடையே நெடுநாள் வாக்குவாதம் நடந்தது. அப்படி ஒரு வழக்கில், எந்த நேரத்தில் வானம் எப்படி இருந்தது என்பது அலங்காரம் அல்ல, சாட்சியம். வானத்தைப் பார்த்துத்தான் அவர்கள் காலங்காலமாகப் படகு இறக்கியிருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் கைப்பேசியிலேயே வானத்தை மாற்றலாம் என்று ஆகிவிட்டால், நாளை அவர்கள் நீட்டும் உண்மையான படத்தையும் "இது ஒரிஜினல்தானா?" என்று கேட்பார்கள்.

வேடிக்கை என்னவென்றால், கறுத்த வானம் விலை போகாத சரக்கும் அல்ல. கர்க்கடக மாதத்து ஆயுர்வேதச் சிகிச்சைக்கு மழையைக் காட்டித்தான் கேரளம் ஆள் சேர்க்கிறது.

கல்யாண ஆல்பத்தில் யாரும் எந்த வானத்தையும் வைத்துக்கொள்ளட்டும். அச்சில் வருவதற்கு ஒரு மரியாதை வேண்டும். மொழிபெயர்ப்பாளர் மூலத்தை வெட்டினால் 'சுருக்கம்' என்கிறோம். மாற்றினால் 'தழுவல்' என்கிறோம். வாசகரும் அதற்குத் தக்கபடி படிக்கிறார். படத்தின் ஓரத்தில் 'வானம் மாற்றப்பட்டது' என்று இரண்டு சொல் போடக் கால் அங்குலம்கூடத் தேவைப்படாது.