சிறு பொம்மைக்கும் ஓர் ஊர் வேண்டும்

கீழடி அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் தமிழி எழுத்து கீறிய பானை ஓடுகளைத்தான் தேடிப் போகிறார்கள். என் ஊரான கடையத்திலிருந்து நான் போனது, அங்கிருக்கும் சின்னஞ்சிறு சுடுமண் உருவங்களைப் பார்ப்பதற்காக. எங்கள் பக்கத்தில் மார்கழி பிறந்தால் பெண்பிள்ளைகளுக்காக வாசலில் மண்ணால் சிறுவீடு கட்டுவார்கள். தைப் பொங்கல் கழிந்து, அந்தச் சிறுவீட்டின் முன்னால் சின்னப் பானையில் பொங்கலிட்டு, மார்கழிப் பூக்களை வைத்துத் தட்டிய வரட்டிகளை ஆற்றில் கொண்டுபோய் விடுவார்கள். சிறியதாகச் செய்து விளையாடும் இந்த ஆசை நம் மண்ணில் எவ்வளவு பழையது என்பதைக் கண்ணால் பார்க்க விரும்பினேன்.

மதுரைக்குத் தென்கிழக்கே 12 கிலோமீட்டர் தொலைவில், சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது கீழடி. அகழாய்வில் கிடைத்த பொருட்களுக்காகவே கட்டிய இந்த அருங்காட்சியகம் 2023 மார்ச் 5ஆம் தேதி திறக்கப்பட்டது. செட்டிநாட்டு வீட்டின் சாயலில் முற்றமும் தூண்களுமாக இருப்பதால், உள்ளே போனதும் ஏதோ சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த நினைப்பு. கூடம் கூடமாக வேளாண்மை, பானைத் தொழில், நெசவு, அணிகலன், கடல் வணிகம், அன்றாட வாழ்க்கை என்று பிரித்திருக்கிறார்கள்.

நான் தேடிவந்தவை கண்ணாடிப் பேழைக்குள் இருந்தன. உள்ளங்கையில் அடங்கும் மனிதத் தலைகள், விலங்கு உருவங்கள், பகடைக்காய்கள், வட்டச் சில்லுகள். 2017-18இல் மாநிலத் தொல்லியல் துறை நடத்திய நான்காம் கட்ட அகழாய்வில் மட்டும் 13 மனித உருவங்களும் 3 விலங்கு உருவங்களும் கிடைத்தன. கையால் பிடித்துச் செய்தவையும் உண்டு, அச்சில் அழுத்தி எடுத்தவையும் உண்டு. மூக்கைக் கிள்ளி எடுத்து, கண்ணுக்குக் கீறல் போட்டு, சுட்டு முடித்திருக்கிறார்கள். பல உடைந்தவை. உடைந்த இடத்தில்தான் மண்ணின் நிறமும் சூடு ஏறிய விதமும் நன்றாகத் தெரிகின்றன.

சில்லுகள் புதிதாகச் செய்தவை அல்ல. உடைந்த பானை ஓட்டை வட்டமாகத் தட்டி, ஓரத்தைத் தேய்த்து எடுத்தவை. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று பக்கத்தில் நின்றது. “ஏட்டி, இங்க பாரு. நாம பாண்டி வெளயாடுத சில்லு அப்படியே இருக்கு” என்று பாட்டி பேத்தியைக் கூப்பிட்டுக் காட்டினார். விளக்கப் பலகை எதையும் அவர் படிக்கவில்லை. அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

இந்தச் சில்லின் வயதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? சுட்ட மண்ணில் கரிமக் காலக்கணிப்புக்கு வழியில்லை. பக்கத்தில் கிடந்த கரித்துண்டுதான் சாட்சி சொல்கிறது. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரியை அமெரிக்க ஆய்வகம் ஒன்று சோதித்து, கி.மு. 580 என்று காலம் சொன்னது. அதனால்தான் ஒவ்வொரு பொருளும் கிடைத்த குழி எது, மண்ணடுக்கு எது, ஆழம் எவ்வளவு என்று எடுத்த அன்றைக்கே எழுதி வைக்கிறார்கள். அந்தக் குறிப்பு தொலைந்தால், பேழையில் இருப்பது வெறும் பழைய பொம்மை. குறிப்பு இருந்தால் அதுவே வரலாற்றுச் சான்று.

கிரேக்க நாட்டில் இதற்கு நேர்மாறாக நடந்தது. 1870களில் தனாக்ரா என்ற ஊரின் பழைய கல்லறைகளில் அழகான மண் பொம்மைகள் ஏராளமாக வெளிவந்தன. ஐரோப்பியப் பணக்காரர்களிடம் அவற்றுக்குப் பெரும் கிராக்கி. கல்லறைகளை இரவோடு இரவாகத் தோண்டி விற்றார்கள், போலிகளும் பெருகின. பெரிய அருங்காட்சியகங்களில் இன்று இருக்கும் பல தனாக்ரா பொம்மைகளுக்கு எந்தக் கல்லறை, யாருடைய கல்லறை என்ற விவரம் கிடையாது. அழகு மிஞ்சியது, செய்தி போய்விட்டது.

கடல் வணிகக் கூடத்தில் சூதுபவள மணிகள் இருந்தன. அந்தக் கல் குஜராத் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். கல்லைப் போலவே மண் பொருளும் தான் புறப்பட்ட ஊரைச் சொல்வதுண்டு. எகிப்தில் அலெக்சாந்திரியாவுக்குத் தென்மேற்கே உள்ள அபு மேனா என்ற தலத்துக்கு 1,500 ஆண்டுகளுக்கு முன் போன கிறிஸ்தவ யாத்ரீகர்கள், அங்கிருந்து சின்ன மண் குடுவை ஒன்றை வாங்கி வருவார்கள். இரண்டு ஒட்டகங்களுக்கு நடுவே புனித மேனாஸ் நிற்கும் உருவம் அதில் அச்சாகியிருக்கும். அந்தக் குடுவைகள் ஐரோப்பாவரை போய்க் கிடைத்திருக்கின்றன. தலத்தின் அடையாளம் மண்ணிலேயே பதிந்திருந்ததால், யாத்ரீகர்கள் எவ்வளவு தூரத்திலிருந்து வந்து போனார்கள் என்பதை இன்று சொல்ல முடிகிறது. விலை மலிவான ஞாபகப் பொருள்தான். ஆனாலும் அது தன் ஊரை மறக்கவில்லை.

ஊர் திரும்பியதும் இதே கண்ணோடு குற்றாலம் கடைவீதியைப் பார்க்கப் போனேன். சாரல் காலத்தில் குளித்து முடித்த ஈரத் தலையோடு ஜனங்கள் கடை கடையாக ஏறி இறங்குகிற வீதி அது. மரச் சொப்பு, மண் உண்டியல், ஓலைப்பெட்டி, சிப்பிப் பொம்மை, பிளாஸ்டிக் பொம்மை எல்லாம் கலந்து தொங்கின. “அண்ணாச்சி, இந்த மண் சாமான் எந்த ஊர்ல செஞ்சது?” என்று ஒரு கடைக்காரரிடம் கேட்டேன். “மொத்தமா வருது சார், எந்த ஊருன்னு யாரு கேக்கா?” என்றார். அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாங்குகிற நாம் கேட்டதில்லை.

கேட்டால் சொல்ல இந்தப் பக்கத்தில் ஊர்களுக்குப் பஞ்சமில்லை. கீழக்கடையத்தில் திருநெல்வேலி ரயில் ஏறினால் ஆழ்வார்குறிச்சி தாண்டி அம்பாசமுத்திரம். மரக் கடைசலில் சொப்பு செய்து அரக்குச் சாயம் ஏற்றும் கைத்தொழில் அங்கே தலைமுறைகளாக நடக்கிறது. அம்பாசமுத்திரம் சொப்புச் சாமானுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் தாண்டினால் காருக்குறிச்சி. மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர். இந்த ஊர்களின் பெயர் சாமானோடு சேர்ந்து வீட்டுக்குள் வர வேண்டும். பெயரில்லாமல் வந்தால், ஐம்பது வருஷம் கழித்து அலமாரியில் இருக்கும் சொப்பைப் பார்த்து யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

குற்றாலத்தில் மாநிலத் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது. அருவிக்கு வருகிற பிள்ளைகள் அங்கேயும் போகட்டும். சீசன் கடைகளில் விற்ற சொப்புகளுக்கும் மண் பொம்மைகளுக்கும், செய்த ஊரும் செய்த விதமும் எழுதி, அங்கே ஒரு பேழை ஒதுக்கினால் எங்கள் பக்கத்துக்கு அது பெரிய காரியம். பழைய சாமான்களைக் கொடுக்க நம் வீடுகளே போதும்.

அதற்கு முன் நாமே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. பரணில் இருக்கும் கொலுப் பொம்மை, சொப்புப் பெட்டி, சிறுவீட்டுப் பொங்கல் பானை எதுவானாலும், அதைத் தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டு ஒரு துண்டுத் தாளில் எழுதிவிடுங்கள்: எங்கே வாங்கியது, எந்த வருஷம், எந்த ஊர்க் கைவேலை, யார் வைத்து விளையாடியது. தாளைப் பொருளோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். அடுத்த முறை குற்றாலத்தில் பொம்மை வாங்கும்போது, விலையைக் கேட்பதற்கு முன்னால் ஊரைக் கேளுங்கள்.