சின்னக்கானலில் ஒரு புதையற் பாட்டு

பொருளை மண்ணுக்குள் மறைத்து வைத்தவர் பலர். அதைச் சொல்லுக்குள் மறைத்து வைத்தவர் மிகச் சிலரே. புதையல் தேடும் ஆசை எல்லா நாட்டார்க்கும் பொது. ஆயின், புதையலுக்கு வழிகாட்டும் பாட்டைப் பிரித்துப் பொருள் காணும் இன்பம் மொழியை அறிந்தவர்க்கே உரியது. அவ்வின்பத்தை எம் சங்கத்துக் குடும்பங்கள் சின்னக்கானலில் ஒருநாள் நுகர்ந்த வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

புகைவண்டி நிலைய எழுத்தராகிய எமக்கு, எழுத்துக்குள் ஊர் மறைந்திருப்பது புதுமையன்று. சென்னை சென்ட்ரலுக்கு எம்.ஏ.எஸ். என்பதும், பாலக்காட்டுக்குப் பி.ஜி.டி. என்பதும் இன்றளவும் குறியெழுத்துகள். மதராஸ் சென்னையாயிற்று, பால்காட் பாலக்காடாயிற்று. பழைய பெயர்களோ அம்மூன்றெழுத்துகளுக்குள் இன்னும் ஒளிந்து வாழ்கின்றன.

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை வழியாகச் சென்று, சின்னாற்றைக் கடந்து மலையேறினோம். முதலில் எதிர்ப்பட்டது மறையூர். 'மறை' என்றால் வேதம். 'மறை' என்றால் ஒளித்து வை என்றும் பொருள். பாண்டவர் மறைந்திருந்த ஊர் என்று அங்குள்ளோர் கதை கூறுவர். பாறை மேடுகளில் கற்பலகைகளால் அமைந்த பழங்காலத்து ஈமக் கல்லறைகள் நிற்கின்றன. அவற்றை முனியறை என்பர். இத்தகைய அறைகளில் ஆராய்ச்சியாளர் காண்பன பெரும்பாலும் எலும்பும், மட்கலமும், இரும்புக் கருவியுமே. ஆயினும் பொன் இருக்கும் என்னும் பேச்சை நம்பிக் கற்களைப் பெயர்த்தவர் பல ஊர்களிலும் உண்டு. மண்ணுள் புதையல் கண்டோர் அதனை அரசுக்கு அறிவித்தல் வேண்டும் என 1878-ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது என்பதையும் நேயர்கள் நினைவிற் கொள்வது நலம்.

அடுத்து மூணாறு. முத்திரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்னும் மூன்று ஆறுகள் கூடும் இடமாதலின் அப்பெயர். இன்று புகைவண்டி செல்லாத அம்மலைமேல் ஒருகாலத்தில் தண்டவாளம் இருந்தது. 1902-ஆம் ஆண்டில் ஒற்றைத் தண்டவாளப் பாதையாகத் தொடங்கி, 1908-ஆம் ஆண்டில் சிறு புகைவண்டிப் பாதையாக மாற்றப்பட்ட குண்டளைப் பள்ளத்தாக்குப் பாதை தேயிலையைச் சுமந்து சென்றது. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அதனை அழித்துவிட்டது. கொல்லம் ஆண்டு 1099-இல் நிகழ்ந்தமையால் 'தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம்' என்று மலையாளிகள் இன்றும் அதனைக் குறிப்பிடுவர். எம் தொழிலுக்கு உறவான அப்பாதையின் சுவடு ஏதும் தெரிகின்றதா என்று வழிநெடுகப் பார்த்துக்கொண்டே சென்றோம்.

தேவிகுளத்தைக் கடந்து, மலையைக் குடைந்து வளைந்து செல்லும் சாலையில் இறங்கினால் பெரியகானல், அதன்பின் சின்னக்கானல். எங்கு நோக்கினும் தேயிலைப் பசுமை. அப்பால் ஆனையிறங்கல் அணையின் நீர்ப்பரப்பு. யானைகள் நீருக்கு இறங்கும் இடம் என்று அப்பெயரே சொல்லி நிற்கின்றது. பூப்பாறை வழியாகப் போடிமெட்டு இறங்கினால் தமிழ்நாடு. தேயிலைத் தோட்டங்களில் உழைப்போருள் பெரும்பாலோர் தலைமுறைகளுக்கு முன் தென்பாண்டிச் சீமையிலிருந்து மலையேறியவர்களின் வழித்தோன்றல்கள். அத்தகைய ஓர் இல்லத்தாரே எம்மை விருந்தினராக ஏற்றனர்.

எம்முடன் வந்தவருள் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். சிறுவர் பதினொருவர்க்கும் ஒரு விளையாட்டு வைக்க எண்ணி, பெட்டி ஒன்றை மறைத்துவைத்து, அதனைக் காட்டும் பாட்டு ஒன்றையும் அவர் இயற்றியிருந்தார். விளையாட்டின் முன் அவர் சொன்ன செய்திகள் பெரியவர்க்கும் பயன்பட்டன. மறைத்துப் பாடுதல் தமிழர்க்குப் பழைய கலை. தண்டியலங்காரம் கூறும் சித்திரகவிகளுள் கூடசதுக்கம் என்பது, நான்காம் அடியின் எழுத்துகளை முதல் மூன்றடிகளுக்குள் ஒளித்து வைப்பது. கரந்துறைச் செய்யுள் என்பது, ஒரு பாட்டின் எழுத்துகளுக்குள் மற்றொரு பாட்டை உறையச் செய்வது. வினாவுத்தரம் என்பது, ஒரு சொல்லின் துண்டுகள் தனித்தனி வினாக்களுக்கு விடையாக, முழுச்சொல் இறுதி வினாவுக்கு விடையாவது. ஒரு மாத்திரை கூட்டியும் குறைத்தும் சொல்லை மாற்றும் வகைகளும் உண்டு.

"இவ்வூர்ப் பெயரையே பாருங்கள். நாம் கானல் என்கின்றோம். மலையாளத்தில் சின்னக்கனால் என்று எழுதுகின்றனர். நீளம் முதலெழுத்திலிருந்து இரண்டாம் எழுத்துக்கு நகர்ந்துவிட்டது. ஒரு கால் இடம் மாறினால் சொல்லே மாறும்" என்றார் ஆசிரியர்.

அவர் முதலில் எழுதிய பாட்டின் மூன்றாம் அடி, அரி நிறைந்த கலத்துள் பொருள் இருப்பதாகக் கூறியது. தமிழில் அரி என்றால் திருமால், சிங்கம் எனப் பல பொருள், மலையாளத்திலோ அரிசி. அரிசிப் பானையைத் தோட்டத்தில் வைப்பது அவர் கருத்து. அதைக் கேட்ட வீட்டுக்கார அம்மையார் திடுக்கிட்டார்.

"வாத்தியாரய்யா, இந்த ஊரில் ஒரு படி அரிசியைக்கூட வெளியே வைக்கக் கூடாது. யானை வந்துவிடும்" என்றார்.

அது வெறும் அச்சமன்று. அரிசிக்காக நியாயவிலைக் கடையையும் வீடுகளையும் உடைத்த யானைக்கு அரிக்கொம்பன் என்றே பெயர் வழங்கிற்று. 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாள் மயக்க ஊசி செலுத்தி, அதனைப் பெரியாறு காட்டுக்குக் கொண்டு சென்றனர். பின் கம்பத்துக்குள் புகுந்த அதனை, ஜூன் மாதத்தில் தமிழ்நாட்டு வனத்துறையினர் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டில் விட்டனர். பலாப்பழத்தை விரும்பும் மற்றொரு யானைக்குச் சக்கைக்கொம்பன் என்று பெயர். சக்கை என்றால் நமக்குப் பிழிந்தெடுத்த எச்சம், மலையாளிக்குப் பலா. ஆசிரியர் உடனே அவ்வடியை அடித்துவிட்டு வேறு எழுதினார். வேலிக்கு வெளியே எவரும் செல்லலாகாது என்றும் விதித்தார். அப்பாட்டு இது:

மூன்றாறு நோக்கும் படிமேலே நின்று
பறைத்தலை நீட்டிப் பார்த்ததன் அடியில்
எழுத்துநிறை பெட்டி இருக்கின்ற தங்கே
கானலென் றெண்ணேல் கைக்கொள வாரீர்.

பதினொரு சிறுவருள் பாட்டைத் தாமே எழுத்துக் கூட்டிப் படித்தவர் நால்வரே. ஏனையோர் வீட்டில் தமிழ் பேசுவோர். பள்ளியில் மலையாளமோ ஆங்கிலமோ கற்போர். எம் மூத்த மகனும் அவர்களுள் ஒருவன். அவர்களுக்குப் பாட்டி ஒருவர் பாட்டைப் படித்துக் காட்டினார்.

'மூவாறு பதினெட்டு' என்று கணக்கிட்டுப் பதினெட்டுப் படிகளைத் தேடி ஒரு கூட்டம் ஓடிற்று. அவ்வீட்டில் எப்பக்கத்திலும் ஐந்து படிகளுக்கு மேல் இல்லை. "ஆறு என்றால் எண் மட்டுந்தானா?" என்று ஆசிரியர் வினவினார். "ஆற்றுத் தண்ணீர்" என்றான் ஒருவன். மூன்று ஆறு மூணாறு என்பது விளங்கியதும், மூணாறு இருக்கும் மேற்றிசையைப் பார்த்த படிகளுக்கு எல்லோரும் ஓடினர். அங்கு நின்று தலைகளை நீட்டி நீட்டிப் பார்த்தனர். பறை எங்கும் காணப்படவில்லை.

அப்போது தமிழ் எழுத்தே அறியாத பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, பாட்டியை அந்த அடியை மட்டும் மீண்டும் படிக்கச் சொன்னாள். கண்ணை மூடிக் கேட்டாள். "நம் தலையை அல்ல, பறையின் தலையை நீட்ட வேண்டும். பறை, பாறை!" என்று கூவினாள். கானலுக்கும் கனாலுக்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்ட செவி அது. படிக்கு நேரெதிரே வேலியோரம் இருந்த பாறையடியில் தகரப் பெட்டி கிடைத்தது. உள்ளே பதினொரு கதைப் புத்தகங்கள், அனைத்தும் தமிழ். அவள் தனக்குரிய புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "இதை எனக்கு யார் படித்துக் காட்டுவார்கள்?" என்று கேட்டாள். எம்மில் எவர்க்கும் உடனே விடை கூற நா எழவில்லை.

நிற்க. பாட்டைப் பிரிப்பது விளையாட்டாக இருக்கும்வரையே இனிது. அமெரிக்க நாட்டுக் கலைப்பொருள் வணிகர் ஃபாரஸ்ட் ஃபென் என்பார், பொன்னும் மணியும் நிறைந்த பெட்டி ஒன்றை ராக்கி மலைத்தொடரில் மறைத்துவிட்டு, 2010-ஆம் ஆண்டில் அதற்கு வழிகாட்டும் 24 அடிப் பாட்டை வெளியிட்டார். சொல்லுக்குச் சொல் பொருள் தேடியோர் எண்ணற்றோர். அவர்களுள் ஐவர் ஆற்றிலும் மலையிலும் உயிரிழந்தனர். 2020-ஆம் ஆண்டில் வயோமிங் மாநிலத்தில் அப்பெட்டி கண்டெடுக்கப்பட்டது. யானை உலவும் மலையில் அரிசிப் பானையை வைக்க விடாது தடுத்த அம்மையாரின் அறிவு அங்கும் தேவைப்பட்டிருக்கும்.

சிறுமியின் வினாவுக்கு, மறுநாள் திரும்பும் வழியில் ஆசிரியரே விடை கூறினார். ஞாயிறுதோறும் மாலை ஒரு மணி நேரம் தம் இல்லத்தில் எழுத்துக் கற்பிப்பதாகவும், கட்டணம் வேண்டா என்றும், அரிச்சுவடியை மட்டும் பெற்றோர் வாங்கித் தர வேண்டும் என்றும் சொன்னார். இதனை எழுதும்வரை அறுவர் செல்கின்றனர். எம் மகனும் செல்கின்றான். நெடிலுக்குக் கால் போடுவது வரை வந்திருக்கின்றனர்.

பிற ஊர்களில் வாழும் அன்பர்களும் இவ்வாறு ஒரு பாட்டுக் கட்டிப் பார்க்கலாம். செலவு மிகுதியில்லை. உங்கள் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதனை இருவகையாகப் பிரியுங்கள். ஓரெழுத்தை நீட்டியும் குறுக்கியும் பாருங்கள். வீட்டுக்குள்ளேயே ஒளித்து வைக்க ஒரு நல்ல தமிழ்ப் புத்தகம் போதும். பாட்டைத் தாமே படிக்க இயலாத பிள்ளைக்கு உடனிருந்து படித்துக் காட்டுங்கள். அடுத்த பாட்டுக்குள் அவர்கள் தாமே படிக்கும்படி செய்யுங்கள்.