விளங்கேல்லை

சிங்களத்தில் நான் முதன்முதல் பாடமாக்கின வசனம், எனக்குச் சிங்களம் தெரியாது என்பதுதான். 'மட்ட சிங்கள பே.' அம்மா சொல்லித் தந்தவ. 2007ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் பஸ்ஸில் போனால் சென்றியில் எல்லாரையும் இறக்கிச் செக் பண்ணுவார்கள். "ஆமி ஏதும் கேட்டா இதை மட்டும் சொல்லு. முகத்தைப் பாத்துக்கொண்டு நிக்காதை." அவ்வளவுதான் பாடம்.

பிறகு கம்பஸ் கிடைத்துப் பேராதனைக்குப் போனேன். ஹொஸ்டலில் எனக்குக் கிடைத்த ரூம்மேட் அனுராதபுரப் பக்கத்துக் கிராமமொன்றில் இருந்து வந்த சிங்களப் பெடியன். நல்லவன். தேத்தண்ணி போட்டால் எனக்கும் சேர்த்துப் போடுவான். நான் உடைஞ்ச சிங்களம், அவன் நாலைஞ்சு தமிழ்ச் சொல்லு, மிச்சம் இங்கிலீஷ் என்று ஒன்றரை வருஷம் கதைத்தோம். கிரிக்கெட், சோதனை, சாப்பாடு, கொழும்புக்குப் போகிற பஸ். அதுக்கு அங்கால போகவில்லை.

அந்த அறையில்தான், அவன்ர லப்டொப்பில், 'குக்கூஷ்கா' என்ற ரஷ்யப் படத்தை இரண்டு பேரும் பார்த்தோம். யாரோ பென் ட்ரைவ்வில் கொடுத்த படம். அலெக்ஸாந்தர் ரகோஷ்கின் எழுதி இயக்கி 2002இல் வந்தது. யுத்தப் படம் என்று சொன்னதால் டாங்கியும் வெடியும் வருமென்று நினைத்துத்தான் இருந்தோம். ஆனால் படத்தில் பெரும்பாலும் மூன்று பேர், ஒரு குடிசை, கொஞ்சம் கலைமான், ஒரு கடற்கரை. அவ்வளவுதான். காசு குறைவாக இருந்தால் யுத்தத்தை எப்படிக் காட்டலாம் என்று யோசிக்கிறவர்கள் கட்டாயம் பார்க்கவேண்டிய படம்.

(இதுக்குப் பிறகு முழுக் கதையும் சொல்லப்போகிறேன். படம் பார்த்திட்டு வாசிக்க விரும்புகிறவர்கள் இங்கேயே நிற்பாட்டலாம்.)

கதை நடப்பது 1944 செப்டெம்பரில், லாப்லாந்தில். ஃபின்லாந்தும் சோவியத் யூனியனும் 1941இல் இருந்து அடிபட்டுக்கொண்டிருக்கின்றன. வெய்க்கோ ஒரு ஃபின்லாந்துக்காரன், குறிசுடுபவன். ஆனால் சண்டை பிடிக்க விருப்பமில்லாதவன். அதுக்குத் தண்டனையாக அவன்ர பக்கத்து ஆட்களே அவனைக் கொண்டுபோய் ஒரு பாறையில் சங்கிலியால் பிணைத்து, கையில் ஒரு துவக்கும் கொஞ்சச் சாப்பாடும் கொடுத்து விட்டுவிட்டுப் போகிறார்கள். போகமுதல் ஜெர்மன் எஸ்எஸ் படையின் சீருடையையும் போட்டுவிடுகிறார்கள். அந்த உடுப்போடு சோவியத் படையிடம் பிடிபட்டால் உயிரோடு விடமாட்டார்கள். ஆகவே சாகுமட்டும் சுடத்தான் வேண்டும். வெய்க்கோ சுடவில்லை. நெருப்பு, தண்ணி, மூக்குக்கண்ணாடி, துவக்கு மருந்து என்று கையில் கிடைத்ததை எல்லாம் வைத்துப் பாறையோடு மல்லுக்கட்டுகிறான். வசனமே இல்லாத அந்தப் பகுதி எனக்குச் சரியான விருப்பம்.

மற்றவன் இவான், சோவியத் படைக் கப்டன். அவனையும் அவன்ர ஆட்கள்தான் பிடிக்கிறார்கள். யாரோ காட்டிக்கொடுத்து, விசாரணைக்கு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போகும்போது சோவியத் விமானமே தவறுதலாகக் குண்டு போடுகிறது. காயப்பட்டுக் கிடந்தவனை ஆனி என்ற சாமிப் பெண் இழுத்துக்கொண்டு வந்து காப்பாற்றுகிறாள். (கும்பிடுகிற சாமி இல்லை. சாமி என்பது அந்த வடக்குப் பக்கத்துப் பழங்குடிகளின் பெயர். அவர்களுடைய நிலத்தை இன்றைக்கு நோர்வே, சுவீடன், ஃபின்லாந்து, ரஷ்யா என்று நாலு நாட்டு எல்லைகள் பிரிக்கின்றன.) ஆனியின் புருஷனைச் சண்டைக்கு என்று கொண்டுபோய் நாலு வருஷம். ஆள் திரும்பவில்லை.

சங்கிலியை இழுத்துக்கொண்டு வெய்க்கோவும் அதே குடிசைக்கு வந்துசேர்கிறான். அவன் கதைப்பது ஃபின்னிஷ். இவான் ரஷ்யன். ஆனி சாமி மொழி. ஒருவர் சொல்வது மற்றவருக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆனாலும் மூன்று பேரும் வாய் ஓயாமல் கதைக்கிறார்கள். எனக்குச் சண்டை முடிஞ்சுது என்று சொல்ல வெய்க்கோ டால்ஸ்டாயையும் ஹெமிங்வேயையும் துணைக்கு இழுக்கிறான். இவானுக்குத் தெரிவது எஸ்எஸ் சீருடை மட்டும்தான். "ஃபாசிஸ்ட்" என்று முடிவெடுத்துவிட்டான். அவன் கோபத்தில் "போய்த் தொலை" என்கிற மாதிரி ரஷ்ய மொழியில் ஒன்று சொல்ல, அதுதான் அவன்ர பெயர் என்று நினைத்து ஆனி கடைசிவரைக்கும் அவனை 'ப்ஷோல்த்தி' என்றே கூப்பிடுகிறாள். நாங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

இதில் ஒரு வேடிக்கை. வெய்க்கோவாக நடித்த வில்லே ஹாபசலோ நிஜத்திலும் ஃபின்லாந்துக்காரர்தான், ஆனால் ரஷ்யாவில் நடிப்புப் படித்தவர். ரஷ்யன் தண்ணிபட்ட பாடு. நன்றாக விளங்கிய பாஷையை விளங்காத மாதிரி நடித்ததுக்குத்தான் அவருக்கு மொஸ்கோ திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் பரிசு கிடைத்தது என்று நான் பகிடியாகச் சொல்வதுண்டு.

எனக்குப் படத்தில் குறையும் இருக்கிறது. ஆனியை வீரமும் பகிடியும் உள்ள பெண்ணாகத்தான் காட்டுகிறார்கள். ஆனி-கிறிஸ்டீனா யூசோ அருமையாக நடித்திருக்கிறார். ஆனாலும் இரண்டு ஆம்பிளைகளைக் கண்ட சந்தோசத்தில் அவள் கதைக்கிற சில இடங்கள், ஒரு ஆண் இயக்குநரின் கற்பனையாகத்தான் எனக்குப் பட்டன. இயற்கையோடு வாழும் பழங்குடிப் பெண் என்றால் இப்படித்தான் என்ற ஒரு வார்ப்பும் இருக்கிறது.

சரி, முடிவுக்கு வருகிறேன். விழுந்து நொறுங்கிய விமானம் ஒன்றுக்குப் பக்கத்தில் வெய்க்கோவின் கையில் ஆயுதத்தைக் கண்டதும் இவான் அவனைச் சுட்டுவிடுகிறான். அதுக்குப் பிறகுதான் அங்கே சிதறிக் கிடந்த துண்டுப்பிரசுரத்தை வாசிக்கிறான். சண்டை முடிஞ்சுது. ஃபின்லாந்து யுத்தத்தில் இருந்து விலகிவிட்டது. அவனுக்கு நெஞ்சு பதறுகிறது. சுட்டவனே சுமந்துகொண்டு குடிசைக்கு வருகிறான். ஆனி இராமுழுக்க இருந்து மேளம் தட்டி, நாய் மாதிரி ஊளையிட்டு, செத்துக்கொண்டிருக்கிற வெய்க்கோவைத் திரும்பிக் கூப்பிடுகிறாள். மற்றப் பக்கத்தில் ஒரு சின்னப் பெடியன் அவனை வா வா என்று மலைப்பாதையில் கூட்டிக்கொண்டு போகிறான். இந்தப் பக்கத்தில் அந்த ஊளை.

அந்த இடத்தில் என்ர ரூம்மேட் படத்தை நிற்பாட்டினான். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு எழும்பிப் போய்த் தன்ர அலுமாரிக் கதவைத் திறந்தான். கதவின் உட்பக்கத்தில் ஒரு ஃபோட்டோ. நான் அதை ஒன்றரை வருஷமாகக் கண்டிருக்கிறேன். ஆமி உடுப்போடு ஒரு ஆள். கண்ட முதல் நாளே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஏன், யார் என்று கேட்கவில்லை. அம்மா சொல்லித் தந்த பாடம்தான். முகத்தைப் பார்க்கக்கூடாது.

அவனுடைய அண்ணா. 2008இல் கிளிநொச்சிப் பக்கத்தில் காணாமல் போனவர். உடம்பு கிடைக்கவில்லை. "அம்மா இன்னும் தானே குடுக்கேல்லை" என்றான். இறந்தவருக்காகப் பிக்குமாருக்குக் கொடுக்கிற அன்னதானம். கொடுத்தால் செத்ததை ஒப்புக்கொண்ட மாதிரி என்று தாய் மறுக்கிறாவாம்.

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. என்ர அம்மம்மா மாமாவுக்கு இன்னும் திவசம் செய்யவில்லை. ஏ9 பாதை 2006இல் மூடுப்பட்டபோது அம்மம்மாவும் மாமாவும் வன்னியில், நாங்கள் யாழ்ப்பாணத்தில். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில்தான் மாமாவைக் கடைசியாகக் கண்டது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டம் தொடங்கினபோது அம்மம்மாவும் மாமாவின்ர படத்தோடு போய்க் கொட்டிலில் இருந்தவ. அதை நான் அவனுக்கு ஒருநாளும் சொன்னதில்லை.

அன்றைக்குச் சொன்னேன். உடைஞ்ச சிங்களத்தில்தான்.

இரண்டு பேரின்ர கதையும் ஒன்றுதான் என்று சொல்லிக் கணக்கை மூட நான் இதை எழுதவில்லை. அவன்ர அண்ணா துவக்கோடு எங்கட ஊருக்கு வந்தவர். என்ர அம்மம்மாவின் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. படத்திலும் இவான் சுட்டது சுட்டதுதான். ஆனால் துண்டுப்பிரசுரத்தை வாசித்த பிறகு அவன் வெய்க்கோவை அங்கேயே விட்டுவிட்டுப் போகவில்லை, தோளில் தூக்கினான். எங்கட நாட்டில் சண்டை முடிஞ்சுது என்று அறிவிச்சதோட சரி. சுமக்க ஒருத்தரும் குனியவில்லை. படத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருகிற கோபம் இதுதான்.

இன்னொன்று என்னைப் பற்றினது. அந்தக் குடிசையில் மூன்று பேருக்கும் ஒரு சொல்லும் விளங்காது, ஆனாலும் கதைத்தார்கள். எங்கட அறையில் இரண்டு பேருக்கும் போதுமான அளவுக்கு விளங்கும், நாங்கள் கதைக்கவில்லை. இவானை ஃபாசிஸ்ட் என்று சொல்லவைத்தது உடுப்பு. அவனைப் பார்த்துச் சிரித்த நானும், அலுமாரிக் கதவில் உடுப்பை மட்டும்தான் கண்டிருக்கிறேன்.

மிச்சப் படத்தை அடுத்த நாள்தான் பார்த்தோம். வெய்க்கோ பிழைக்கிறான். இரண்டு ஆம்பிளைகளும் தங்கட தங்கட ஊருக்குப் போகிறார்கள். ஆனிக்கு இரட்டைப் பிள்ளைகள். ஒருவனுக்கு வெய்க்கோ என்றும் மற்றவனுக்கு ப்ஷோல்த்தி என்றும் பெயர் வைத்திருக்கிறாள். பிழையான பெயர்தான், ஆனால் அவள் அன்போடு வைத்தது.

படம் முடிந்த பிறகு அவன் மாமாவின்ர பெயரைக் கேட்டான். சொன்னேன். அதில் ஒரு ழகரம் வரும், அவனுக்கு வாயில் வரவில்லை. இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தான். நான் திருத்தவில்லை.