மலை ரோட்டில் மூன்று சில்லு



கொழும்பிலிருந்து பஸ் ஏறி அவிசாவளையைத் தாண்டுங்கள். அங்கே பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று எஹலியகொட, குருவிட்ட வழியாக இரத்தினபுரிக்குப் போகிறது. மற்றது கரவனல்லை, யட்டியாந்தோட்டை, கித்துல்கலை என்று கேகாலை மாவட்டத்து மலைகளில் ஏறி, ஹட்டன் பக்கம் போகிறது. எந்தப் பாதையில் போனாலும் முதலில் உங்களை வரவேற்பது இறப்பர் மரங்கள். சிரட்டை கட்டிய மரங்கள் வரிசை வரிசையாக நிற்கும். மேலே ஏற ஏற, இறப்பர் மறைந்து தேயிலை தெரியும். இதுதான் சப்ரகமுவ மாகாணம். இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரண்டு மாவட்டங்களும் சேர்ந்தது.

இரத்தினபுரி என்றதும் நமக்கு நினைவு வருவது மாணிக்கக் கல். களுகங்கைக் கரையோரத்து வயல்களில் ஓலைக் கொட்டில் போட்டு, குழி தோண்டிக் கல் தேடுவதைப் பாதையோரத்திலேயே காணலாம். வானம் தெளிந்த காலை நேரத்தில், வடகிழக்கே ஒரு கூரான மலைமுகடு தெரியும். நாம் பாவா ஆதம் மலை என்கிறோம். மற்றவர்கள் சிவனொளிபாதமலை என்றும் ஸ்ரீ பாத என்றும் சொல்கிறார்கள். 14ஆம் நூற்றாண்டில் உலகம் சுற்றிய இப்னு பதூதா இந்த மலையில் ஏறிய கதையைத் தமது பயண நூலில் எழுதியிருக்கிறார்.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது மாணிக்கத்தைப் பற்றியோ மலையைப் பற்றியோ அல்ல. அந்த மலைகளில் ஏறி இறங்கும் ஒரு சின்ன வண்டியைப் பற்றி!

பஸ் நிற்கும் இடத்துக்கு அப்பால்

ஒரு காலத்தில் இந்தப் பகுதிக்கு ரயில் இருந்தது. களனிவெளிப் பாதை என்ற அந்தச் சிறிய ரயில் பாதை அவிசாவளையைக் கடந்து இரத்தினபுரி, ஓப்பநாயக்க வரை போனது. 1970களில் அவிசாவளைக்கு அப்பாலுள்ள பகுதி மூடப்பட்டது. இன்று பிரதான வீதியில் பஸ் ஓடுகிறது. ஆனால் தோட்டங்கள் பிரதான வீதியிலா இருக்கின்றன? பஸ் விட்டுப் போகும் சந்தியிலிருந்து லயம் வரை மூன்று மைல், நான்கு மைல் என்று கல் ரோட்டில் ஏற வேண்டும். மழைக் காலத்தில் அந்த ரோட்டு ரோட்டாகவே இருக்காது.

அந்தத் தூரத்தைக் கடக்க வைப்பது ஆட்டோதான். த்ரீவீல் என்றும் சொல்வார்கள். அரிசி மூட்டை ஏறுவதும், பள்ளிப் பிள்ளைகள் போவதும், நடுச்சாமத்தில் பிரசவ வலி கண்ட பெண்ணை இரத்தினபுரிக்கோ கேகாலைக்கோ வைத்தியசாலைக்குக் கொண்டு போவதும் அதில்தான். லயத்து வரிசையில் ஒரு வீட்டுக்கு முன்னால் ஆட்டோ நின்றால், அது அந்த வீட்டுக்கு மட்டும் சொந்தமானதல்ல. அவசரத்துக்கு முழு லயத்துக்கும் சொந்தம்.

இந்த மலைகளில் இன்றும் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளைக் காணலாம். சிலிண்டர் ஒன்றுதான், 150 சிசிக்கும் சற்றுக் குறைவு. புகை அதிகம் என்பதால் 2008இல் இவ்வகை முச்சக்கர வண்டிகளின் இறக்குமதி நிறுத்தப்பட்டது. ஆகவே இன்று ஓடுபவை எல்லாம் பல கை மாறியவை. 2020இல் வாகன இறக்குமதியே நிறுத்தப்பட்டு 2025 வரை கதவு மூடியிருந்ததால், பழைய வண்டிகளின் விலை ஏறியது. வசதியில்லாத குடும்பத்துக்குப் பழைய வண்டியைப் பழுது பார்த்து ஓட்டுவதே வழியாயிற்று.

மூன்றாவது தடவைக்கு நகை இல்லை

யட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் ஒரு சகோதரியின் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். ஒரு நாள் மேல் கணக்குக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும்போது எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. பிஸ்டன் உருகி சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டது. சங்கிலியை அடகு வைத்து, பழைய எஞ்சின் ஒன்று வாங்கிப் போட்டார்கள். ஆறு வாரம்தான்! அதுவும் அதே மாதிரி நின்றது. தோட்டையும் போய்விட்டது.

“ரெண்டு தடவ நகைய அடகு வச்சோம். மூணாவது தடவைக்கு வைக்க நக இல்ல” என்றார் அந்தச் சகோதரி.

பிறகு அவர்கள் டவுனில் வேறொரு கராஜுக்குப் போனார்கள். அந்த நானா எஞ்சினைக் கழற்றுவதற்கு முன் அரை மணி நேரம் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாராம். சிலிண்டரை மூடியிருக்க வேண்டிய தகரக் கூட்டில் ஒரு துண்டைக் காணவில்லை. முதல் தடவை எஞ்சின் மாற்றியபோது அதைத் திருப்பிப் பூட்டவில்லை. “எஞ்சின் தானா சாகல தங்கச்சி, மூச்சு முட்டிச் செத்திருக்கு” என்றாராம் அவர்.

சகோதரிகளே, இந்த ஒரு வார்த்தையில் எல்லாம் இருக்கிறது. எஞ்சின் போனால் புதிது போடுவது பெரிய வேலையல்ல. ஏன் போனது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. காரணத்தை வண்டியிலேயே விட்டுவிட்டு எஞ்சினை மட்டும் மாற்றினால், அடுத்ததையும் அதே காரணம் தின்றுவிடும்.

ஏன் போகிறது?

இடியப்ப உரலை நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் தடவாவிட்டால் உலக்கை இறுகும் அல்லவா? சிலிண்டருக்குள் பிஸ்டனும் அப்படித்தான். கார் எஞ்சினில் ஒயில் தனியாக அடியில் தேங்கி நிற்கும். இந்த எஞ்சினிலோ பிஸ்டனுக்கும் கிராங்குக்கும் தனி ஒயில் கிடையாது. பெற்றோலோடு கலந்து வரும் டூ-டி ஒயில்தான் அவற்றைக் காப்பாற்றுகிறது. ஐம்பதுக்கு ஒன்று என்றால் ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர். வண்டிக்கு உரிய அளவைக் குறைத்தால் எஞ்சின் போகும். கூட்டினால் புகையும் கரியும் பிளக்கை அடைக்கும். காசு மிச்சமென்று மண்ணெண்ணெய் கலந்து ஓட்டுவோரும் உண்டு. அந்த மிச்சம் எஞ்சின் விலையாகத் திரும்பி வரும்.

அடுத்தது சூடு. எஞ்சினைக் குளிரச் செய்வது அதனோடு சேர்ந்து சுற்றும் விசிறி. அதன் காற்றைத் தகரக் கூடுதான் சிலிண்டருக்குக் கொண்டு போகிறது. மலையில் பாரம் ஏற்றிக்கொண்டு மெதுவாக ஏறும்போது சூடு கூடுகிறது. சிலிண்டரின் தகடுகளுக்கிடையே சேறும் இலையும் அடைந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

பலருக்குத் தெரியாதது இறக்கம்! நீண்ட இறக்கத்தில் கியரில் விட்டு, எக்ஸிலேட்டரை முழுதாக மூடிக்கொண்டு இறங்கும்போது எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறது. ஆனால் பெற்றோல் மிகக் குறைவாகவே போகிறது. பெற்றோல் குறைந்தால் ஒயிலும் குறையும். ஏற்றத்தில் தப்பிய எஞ்சின் இறக்கத்தில் இறுகுவது இதனால்தான். கியரை விடாமல், இடையிடையே எக்ஸிலேட்டரைச் சற்றே முறுக்கிக் கொடுத்து இறங்குவதே நல்லது. நியூட்ரலில் விட்டு இறங்குவது அதைவிட ஆபத்து. பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும்.

நான்காவது, காற்றுக் கசிவு. கிராங்கின் இரு பக்கமும் உள்ள சீல் தேய்ந்தால் வெளிக்காற்று உள்ளே போகும். கலவையில் பெற்றோல் குறைந்து சூடு ஏறும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கோப்பி நிறமென்றால் நலம். வெள்ளையாக இருந்தால் சூடு அதிகம். ஈரக் கறுப்பென்றால் ஒயிலோ பெற்றோலோ அதிகம்.

கனடாவில் சொந்தபந்தம் உள்ளவர்கள் ஸ்னோமொபைல் என்ற பனி வண்டியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கியூபெக் மாகாணத்தில் பொம்பார்டியர் என்பவரின் கம்பனி 1959இல் ஸ்கீ-டூ என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. பனியில் ஓடும் அந்த வண்டிகளிலும் பெருமளவு இதே டூ ஸ்ட்ரோக் எஞ்சின்தான். எரிந்த எஞ்சினை மாற்றும் அந்த ஊர்க்காரருக்கும் இதே கேள்விதான்: பழையது ஏன் போனது? பனியானால் என்ன, தேயிலை மலையானால் என்ன, இரும்பின் சட்டம் ஒன்றே!

மாற்றும்போது நீங்கள் பார்க்க வேண்டியவை

“இது ஆண்கள் வேலை, நமக்கெதற்கு?” என்று கேட்காதீர்கள். காசு போவது உங்கள் அடுப்படியிலிருந்து; அடகுக்குப் போவது உங்கள் நகை. லீசிங்கில் எடுத்த வண்டியானால், எஞ்சின் நின்றாலும் தவணை நிற்காது.

முதலில், முழு எஞ்சினும் தேவையா என்று கேளுங்கள். சிலிண்டர் மட்டும் கீறியிருந்தால் லேத்தில் போர் பண்ணி, அளவு கூடிய பிஸ்டனும் ரிங்கும் போட்டால் போதும். கிராங்கும் பேரிங்கும் போயிருந்தால்தான் செலவு கூடும்.

பழைய எஞ்சின் வாங்குவதென்றால், விற்பவர் சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். ஹெட்டைக் கழற்றி சிலிண்டரின் உள்சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கீறல் இருக்கக் கூடாது. கையால் சுற்றும்போது இறுக்கமோ தளர்வோ தெரிகிறதா என்று பாருங்கள். எஞ்சின் இலக்கம் அரம் போட்டு அழிக்கப்பட்டிருந்தால் அந்த இடத்திலிருந்தே வந்துவிடுங்கள். பற்றுச்சீட்டு அவசியம். அந்தப் புதிய இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் வண்டியின் பதிவுப் புத்தகத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பொலிஸ் சோதனையிலும், வண்டியை விற்கும்போதும் சிக்கல்தான். குறை தெரிந்தும் மறைத்து விற்பது நமது மார்க்கத்தில் எவ்வளவு பெரிய குற்றம் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் வண்டியை விற்கும் நாளிலும் அதை மறக்க வேண்டாம்.

கராஜில் வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்துத்தான் பெரும்பாலும் எஞ்சினை இறக்குகிறார்கள். கேபிள்கள், பெற்றோல் குழாய், வயர்கள், சைலன்ஸர், சில்லுக்குப் போகும் தண்டுகள் எல்லாம் கழற்றப்படும். கழற்றிய ஆணிகளை ஒரு தட்டில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். புது எஞ்சின் ஏறும்போது சீல்கள் புதிதாக இருக்கட்டும். டாங்கியும் காபரேட்டரும் கழுவப்படட்டும். சைலன்ஸரில் கரி எடுக்கட்டும். கியர் பெட்டிக்குத் தனி ஒயில் உண்டு. அதையும் ஊற்றினார்களா என்று கேளுங்கள். கடைசியாக, அந்தத் தகரக் கூடு முழுதாகப் பூட்டப்பட்டதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.

புதுப் பிஸ்டன் பழக முதல் 500 கிலோமீற்றராவது வேண்டும். அதுவரை முழுப் பாரம் ஏற்றி மலை ஏற வேண்டாம். கீழே டவுன் ஹயர்கள் போதும். ஏறியே ஆகவேண்டுமென்றால் இடையில் நிறுத்தி ஆறவிடுங்கள்.

அந்த யட்டியாந்தோட்டைச் சகோதரியின் வீட்டில் மூன்றாவது எஞ்சின் வாங்கவில்லை. இரண்டாவதையே போர் பண்ணி, காணாமற்போன தகரத் துண்டைப் புதிதாக வெட்டிப் பூட்டினார்கள். அதற்கான கடனை மாதாமாதம் அடைக்கிறார்கள். வண்டி ஓடுகிறது. தோடு இன்னும் மீளவில்லை. இப்போது பெற்றோல் அடிக்கும்போது ஒயில் அளவை அந்தச் சகோதரியே பார்க்கிறாராம்.

அடுத்த முறை சப்ரகமுவ பக்கம் போனால், சந்தியில் இறங்கி ஆட்டோவில் ஏறும்போது அந்த எஞ்சின் சத்தத்தைச் சற்றுக் காது கொடுத்துக் கேளுங்கள். அந்தப் படபடப்புக்குப் பின்னால் ஒரு வீட்டின் அடுப்பு எரிகிறது. பேரம் பேசும்போது அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.